வழி சொல்லும் அரை நிமிடம்

“அண்ணே, தெற்கு ஆவணி மூல வீதிக்கு எப்படிப் போகணும்?”

மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்த ஒரு வெளியூர்க்காரர், டீக்கடை வாசலில் நிற்பவரிடம் கேட்கிறார். அவர் ஒரு கணம் எங்கோ பார்க்கிறார். பிறகு கை நீள்கிறது. “நேரா கோயிலைப் பாத்துப் போங்க. மேல மாசி வீதி குறுக்க வரும், தாண்டிருங்க. அடுத்து வர்றது மேல ஆவணி மூல வீதி. அதுல சோத்தாங்கைப் பக்கம் திரும்பி முக்கு வரைக்கும் போங்க. அங்க பீச்சாங்கைப் பக்கம் திரும்புனா, நீங்க கேட்ட வீதிதான்.”

அரை நிமிடம்கூட ஆகவில்லை. கேட்டவர் தலையாட்டிவிட்டு நடக்கிறார். போய்ச் சேர்ந்தும் விடுகிறார். இதில் வியக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இந்த அரை நிமிடத்துக்குள் ஒரு மூளை தன்னிடமுள்ள நகரத்தைத் தேடிப் பிடித்து, பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்து, அதை வார்த்தைகளாக நறுக்கித் தந்திருக்கிறது. இன்னொரு மூளை அந்த வார்த்தைகளைக் கொண்டு, தான் பார்த்தேயிராத தெருக்களைத் தனக்குள் கட்டியிருக்கிறது. இதில் ஒவ்வொரு படியும் ஓர் அற்புதம்.

நேராக நடக்கத் தெரியாத கால்கள்

முதலில் நாம் ஏன் தொலைந்துபோகிறோம் என்று பார்ப்போம். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யான் சோமனும் அவருடைய குழுவினரும் 2009-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் ஓர் அடர்ந்த காட்டிலும் துனிசியாவின் சகாரா பாலைவனத்திலும் சிலரை இறக்கிவிட்டு, “நேராக நடந்துகொண்டே இருங்கள்” என்றார்கள். சூரியன் தெரிந்தவரை அவர்கள் ஏறக்குறைய நேராகவே நடந்தார்கள். மேகம் மறைத்ததும் பாதை வளையத் தொடங்கியது. காட்டில் நடந்தவர்கள் வட்டமடித்து, தாங்கள் ஏற்கெனவே கடந்த இடத்தையே மறுபடி குறுக்கிட்டார்கள். அது அவர்களுக்குத் தெரியவும் இல்லை.

கண்ணைக் கட்டிவிட்டபோது வட்டம் இன்னும் சுருங்கியது. சிலர் வெறும் 20 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்துக்குள் சுற்றினார்கள். இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம் அது. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்பது காரணம் இல்லை. அதே ஆள் ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமும் வளைந்தார். உடல் ஒவ்வொரு அடியிலும் செய்யும் சின்னஞ்சிறு பிழை, திருத்த வெளியடையாளம் இல்லாதபோது, சேர்ந்துகொண்டே போகிறது. சூரியனோ கோபுரமோ மலையோ ஏதேனும் ஒன்று கண்ணில் பட்டால்தான் நம் கால் நேராகப் போகும்.

தலைக்குள் ஒரு நகரம்

டீக்கடை வாசலில் நின்றவரிடம் அந்த நகரம் எங்கே இருக்கிறது? எட்வர்ட் டோல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். புதிர்ப்பாதைகளில் ஓடும் எலிகள் “இங்கே வலம், அங்கே இடம்” என்று திருப்பங்களை மட்டும் மனப்பாடம் செய்வதில்லை, இடத்தின் அமைப்பையே உள்ளத்தில் வரைந்துகொள்கின்றன என்றார். அதனால்தான் பழகிய பாதை அடைபட்டால் அவை குறுக்குவழியைக் கண்டுபிடிக்கின்றன. இந்த உள்வரைவை மனவரைபடம் என்கிறோம்.

அது உவமை மட்டும்தானா, மூளையில் நிஜமாகவே இருக்கிறதா? 1971-இல் லண்டனில் ஜான் ஓ’கீஃபும் ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் எலியின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். மூளையின் இரு பக்கமும் உள்ளே புதைந்திருக்கும், நினைவுக்கு மிக வேண்டிய பகுதி அது. அங்கே ஒரு நரம்புச்செல் அறையின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு எலி வந்தால் மட்டுமே துடித்தது. பக்கத்துச் செல் வேறோர் இடத்துக்குத் துடித்தது. இவற்றுக்கு இடச்செல்கள் என்று பெயர். “இங்கே இருக்கிறேன்” என்று சொல்வதே இவற்றின் வேலை.

1984-இல் ஜேம்ஸ் ராங்க் திசைச்செல்களைக் கண்டறிந்தார். எலி எங்கே நின்றாலும், அதன் தலை ஒரு குறிப்பிட்ட பக்கம் திரும்பும்போது மட்டும் துடிக்கும் செல்கள் இவை. 2005-இல் நார்வேயின் ட்ரோன்ஹெய்ம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியின் ஆய்வகம் இதைவிட விசித்திரமான ஒன்றைக் கண்டது. ஹிப்போகேம்பஸை ஒட்டிய பகுதியில் இருக்கும் ஒரே செல், எலி ஓடும் தரையில் பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்தபோது, வாசலில் போடும் ஊடுபுள்ளிக் கோலம் போல, சம இடைவெளியில் முக்கோணம் முக்கோணமாக அவை தரை முழுவதும் பரவியிருந்தன. இவை வலைச்செல்கள். எலி அந்தத் தரையில் புள்ளி எதையும் பார்க்கவில்லை. அதன் மூளையே தரையின்மேல் புள்ளி வைத்து அளக்கிறது. ஓ’கீஃபும் மோசர் தம்பதியும் 2014-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மனிதரிடமும் இவை உண்டு. வலிப்பு நோய் அறுவைக்காக மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகள், கணினித் திரையில் டாக்சி ஓட்டும் விளையாட்டை ஆடினார்கள். அப்போது அவர்களுடைய ஹிப்போகேம்பஸிலும் இடத்துக்கு இடம் துடிக்கும் செல்கள் இருப்பதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பழக்கத்தால் இந்தப் பகுதி வளரவும் செய்கிறது. லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமானால், சேரிங் கிராஸ் சந்திப்பைச் சுற்றிச் சுமார் 10 கிலோமீட்டருக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை நினைவில் வைத்துத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். எலினோர் மகுவையரும் அவருடைய குழுவும் இந்த ஓட்டுநர்களின் மூளையைப் படம்பிடித்து 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுடைய ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படிப்பட்டவர்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்களோ? அதற்கும் 2011-இல் விடை கிடைத்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டதில், தேர்ச்சி பெற்றவர்களுக்கே அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. தெருக்களைக் கற்பது மூளையின் உருவத்தையே மாற்றுகிறது.

நின்ற இடத்திலேயே ஒரு நடை

தலைக்குள் இருப்பது பரந்து கிடக்கும் வரைபடம். வாயிலிருந்து வருவதோ ஒன்றன்பின் ஒன்றாக வரும் சொற்கள். பரப்பை இழையாக்குவது எப்படி? ஜெர்மன் மொழியியலாளர் வோல்ஃப்காங் க்ளைன், பிராங்க்ஃபுர்ட் நகரத் தெருக்களில் போவோர் வருவோரிடம் வழி கேட்கவைத்து, அவர்கள் சொன்ன பதில்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். சொல்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே உத்தியைக் கையாண்டார்கள். மனத்தால் அந்தப் பாதையில் ஒருமுறை நடந்தார்கள். நடந்துகொண்டே, வழியில் எதிர்ப்படுவதை வரிசையாகச் சொன்னார்கள். “அங்கே ஒரு தேவாலயம் வரும்” என்று சொல்லும்போது தேவாலயம் வருவதில்லை. கற்பனையில் நடக்கும் அந்த ஆள்தான் அதை நெருங்குகிறார்.

எலிகளிடம் இதற்கு வியப்பூட்டும் ஓர் உறவு தென்பட்டிருக்கிறது. நினைவிலுள்ள ஓர் இடத்துக்கு ஓடப் புறப்படும் முன், எலியின் இடச்செல்கள் அது போகப்போகும் பாதையின் வரிசையிலேயே படபடவென்று துடித்து முடிக்கின்றன. பல நொடிகள் எடுக்கும் ஓட்டம், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் உள்ளே ஒத்திகை பார்க்கப்படுகிறது. வழி சொல்லும் முன் மனிதர் எங்கோ பார்த்து நிற்கும் அந்தக் கணத்தை இனிப் பார்த்தால், அவசரப்படாமல் காத்திருங்கள். அவர் உங்களுக்காக நடந்துகொண்டிருக்கிறார்.

அடுத்த சிக்கல், இருவரும் எதிரெதிரே நிற்பது. சொல்பவரின் வலம் கேட்பவரின் இடம். மனத்தில் ஓர் உருவத்தைத் திருப்பிப் பார்க்க நேரம் பிடிக்கும் என்பதையும், திருப்பும் கோணம் கூடக்கூட அந்த நேரமும் கூடுகிறது என்பதையும் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971-இல் அளந்து காட்டினார்கள். எதிரே நிற்பவருக்காக அரைவட்டம் திருப்புவது இருப்பதிலேயே கடினம். அதனால்தான் வழி சொல்பவர்கள் தம்மையறியாமல் ஒரு காரியம் செய்கிறார்கள். உங்கள் பக்கத்தில் வந்து, நீங்கள் பார்க்கும் பக்கமே திரும்பி நின்று, கையை நீட்டுகிறார்கள். மூளை செய்ய வேண்டிய திருப்பத்தை உடல் செய்துவிடுகிறது.

கை நீட்டும்போது அந்தக் கை “வலது பக்கம்” என்று சொல்கிறதா, “தெற்கு” என்று சொல்கிறதா? இது ஊருக்கு ஊர் மாறும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கூகு யிமிதிர் மொழி பேசும் பழங்குடி மக்கள், கையருகே இருக்கும் பொருளைக் குறிக்கவும் திசையையே சொல்கிறார்கள். உன் தெற்குக் காலருகே எறும்பு ஊர்கிறது என்பது அவர்களுடைய பேச்சு முறை. அப்படிப் பேச வேண்டுமானால், வீட்டுக்குள்ளும் இருட்டிலும் வடக்கு எது என்று எந்நேரமும் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம்மிடமும் இது உண்டு. “தெக்கால போயி, மேக்கால திரும்புங்க” என்று வழி சொல்லும் கிராமத்துப் பெரியவர்களை நாம் அறிவோம். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990-களில் மதுரை வட்டாரத் தமிழர்களிடம் இதையே ஆராய்ந்தார். கிராமத்தவர்கள் திசையால் பேசுவதையும் நகரத்தவர்கள் வலம் இடம் என்று பேசுவதையும் கவனித்தார். ஒரு மேசையில் பொம்மைகளை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளைத் திருப்பி வேறொரு மேசையின் முன் நிறுத்தி, “அதே மாதிரி அடுக்குங்கள்” என்று கேட்பது இத்தகைய ஆய்வுகளின் முறை. திசையால் பேசிப் பழகியவர்கள் பெரும்பாலும் வடக்கை வடக்காகவே வைத்து அடுக்குகிறார்கள். வலம் இடம் என்று பேசுபவர்கள் தம் வலப்பக்கத்தையே வலப்பக்கமாக வைக்கிறார்கள். தமிழ் ஒன்றுதான், இரண்டு வகைச் சொற்களும் எல்லோருக்கும் தெரியும். எந்த வகையில் வழி சொல்லிப் பழகுகிறோமோ, பேசாதபோதும் மனம் அந்த வகையிலேயே இடத்தை நினைவில் வைக்கிறது.

மரம், பாலம், கோபுரம்

தேனீக்களும் வழி சொல்கின்றன. பூ இருக்கும் இடத்தைக் கண்டுவந்த தேனீ, கூட்டின் செங்குத்தான அடைமேல் உடலை ஆட்டியபடி நேர்கோட்டில் ஓடிக் காட்டும். அந்த ஓட்டம் நேர்மேலாக இருந்தால் சூரியன் இருக்கும் பக்கம் போ என்று பொருள். சாய்ந்திருந்தால், சூரியனிலிருந்து அதே கோணத்தில் விலகிப் போக வேண்டும். ஆட்டம் ஒரு நொடி நீண்டால் தூரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இதைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃப்ரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். திசையும் தூரமும் இந்த நடனத்தில் இருக்கின்றன. “ஆலமரத்தைத் தாண்டி” என்பது அதில் இல்லை. அடையாளம் சொல்லி வழிகாட்டுவது நம் வழக்கம்.

அடையாளத்தின் வலிமையை வெனிஸ் நகரில் சோதித்தார்கள். கால்வாய்களும் பாலங்களும் குறுகிய சந்துகளும் பின்னிக் கிடக்கும் ஊர் அது. பிரான்ஸின் மிஷெல் டெனியும் இத்தாலிய ஆய்வாளர்களும் அவ்வூர் மக்களிடம் வழி கேட்டு, பதில்களைத் தொகுத்து, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். சிலர் நீளமாகச் சொன்னார்கள், சிலர் சுருக்கமாக. எல்லாப் பதில்களிலிருந்தும் மிக அவசியமானவற்றை மட்டும் வடிகட்டி, எலும்புக்கூடு போன்ற ஒரு குறிப்பைத் தயாரித்தார்கள். ஊருக்குப் புதியவர்களிடம் அதைக் கொடுத்து நடக்கச் சொன்னபோது, ஊர்க்காரர்களின் மிகச் சிறந்த விளக்கத்துக்கு இணையாக அது வழிகாட்டியது. அந்தக் குறிப்பில் மிஞ்சியவை பெரும்பாலும் இரண்டே: ஓர் அடையாளம், அங்கே செய்ய வேண்டிய செயல். பாலம் வரும், ஏறி இறங்கு. சதுக்கம் வரும், இடப்பக்கம் திரும்பு. மற்றதெல்லாம் உபரி.

அடையாளங்களால் மட்டுமே ஒரு தலைநகரம் இயங்க முடியுமா? நிகரகுவாவின் மனாகுவா இயங்குகிறது. அங்கே பெரும்பாலான வீடுகளுக்குத் தெருப்பெயரும் கதவெண்ணும் கிடையாது. முகவரி என்பதே வழிதான். எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில் தொடங்கி, ஏரிப் பக்கம் இரண்டு தெரு, மேலே ஒரு தெரு என்று போகும். ஏரிப் பக்கம் என்றால் வடக்கு. மேலே என்றால் சூரியன் ஏறும் கிழக்கு, கீழே என்றால் மேற்கு. 1972 டிசம்பர் 23-இல் நேர்ந்த நிலநடுக்கம் நகரின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கியது. கட்டடங்கள் போயின, முகவரிகள் போகவில்லை. முன்பு இன்ன கட்டடம் இருந்த இடத்திலிருந்து இரண்டு தெரு என்று மக்கள் தொடர்ந்து சொல்லிவந்தார்கள். மனவரைபடம் செங்கல்லைவிட உறுதியானது.

மதுரையின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே நகரின் அமைப்பே வழி சொல்கிறது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் திசையின் பெயர். “மேல மாசி வீதி” என்ற இரண்டு மூன்று சொற்களில், கோயிலிலிருந்து எந்தப் பக்கம், எத்தனையாவது சுற்று என்ற இரண்டு செய்திகளும் அடங்கிவிடுகின்றன. நாற்புறமும் உயர்ந்து நிற்கும் கோபுரங்கள், சோமனின் சோதனையில் சூரியன் செய்த வேலையைச் செய்கின்றன.

கேட்டுக்கிட்டே போங்க

இப்போது கேட்பவரின் மூளைக்கு வருவோம். கேட்டதைச் சிறிது நேரம் கையில் வைத்திருக்கும் நினைவைச் செயல்நினைவு என்பார்கள். அதன் கொள்ளளவு ஏறத்தாழ நான்கு உருப்படிகள்தான் என்று நெல்சன் கோவன் 2001-இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். ஐந்தாவது திருப்பம் உள்ளே வரும்போது முதல் திருப்பம் நழுவத் தொடங்குகிறது. சொன்னதை நாம் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது இதனால்தான். முதல்ல கோயிலைப் பாத்து, ரெண்டாவது வீதில வலது, முக்குல இடது, சரிதானே? இந்தத் திருப்பிச் சொல்லல் இரண்டு வேலை செய்கிறது. நினைவை இறுக்குகிறது, பிழை இருந்தால் சொன்னவரே திருத்த வாய்ப்பும் தருகிறது.

பாதை இன்னும் நீளமாக இருந்தால்? அதற்கும் மக்கள் ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். “அந்தப் பாலம் வரைக்கும் போங்க, அங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.” இணையம் இயங்குவதும் இந்த முறையில்தான். நீங்கள் அனுப்பும் செய்தித் துண்டுக்கு முழுப் பாதையும் முன்கூட்டி எழுதப்படுவதில்லை. வழியிலுள்ள திசைவி என்னும் கருவி ஒவ்வொன்றும் அடுத்த நிலையத்தை மட்டும் கைகாட்டி அனுப்புகிறது. அங்கே போனதும் அடுத்த கைகாட்டல். யாரிடமும் முழு உலகின் வரைபடம் இல்லாமலே செய்தி கண்டம் தாண்டுகிறது. முகவரி கேட்டுக் கேட்டு ஊர் போய்ச் சேர்ந்த மனிதர்கள் இதைக் கணினிக்கு வெகுகாலம் முன்பே நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜப்பான் இந்த உதவியை அரசுப் பணியாகவே ஆக்கியிருக்கிறது. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரில்லை. மனைத்தொகுதிகளுக்கே எண். அதனால் முகவரி கையில் இருந்தும் வீடு கிடைக்காமல் திண்டாடுவது அங்கே சகஜம். கோபான் எனப்படும் சிறு காவல் கூண்டுகள் ஊரெங்கும் இருக்கின்றன. அந்தப் பகுதியின் விரிவான வரைபடத்தோடு காவலர் அமர்ந்திருப்பார். வழி சொல்வது அவருடைய அன்றாடக் கடமைகளில் ஒன்று.

கைப்பேசி சொல்லும் வழி

“இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும்” என்று கைப்பேசி சொல்லும்போது இத்தனை வேலையும் மிச்சம். ஆனால் மூளையிலும் மாற்றம் நிகழ்கிறது. லண்டன் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட சோதனையில், சோஹோ பகுதியின் தெருக்களைத் திரையில் பார்த்துத் தாமாக வழி கண்டுபிடித்தவர்களின் ஹிப்போகேம்பஸ், புதிய தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் சுறுசுறுப்பானது. தெருவுக்குக் கிளைகள் அதிகமானால் சுறுசுறுப்பும் அதிகமானது. கருவி சொன்னபடி போனபோது அந்த எழுச்சி காணவில்லை. ஜப்பானில் 2008-இல் வெளியான இன்னோர் ஆய்வில், கைக்கருவியைப் பார்த்து நடந்தவர்கள் காகித வரைபடத்தோடு நடந்தவர்களைவிட அதிக தூரம் நடந்தார்கள், அதிக முறை நின்றார்கள். கருவி நம்மை இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இடத்தை நமக்குள் கொண்டுவந்து சேர்ப்பது நாமே செய்ய வேண்டிய வேலை.

ஆகவே, கைப்பேசி பையில் இருந்தாலும், தொலைந்துபோனால் ஒரு மனிதரிடம் கேளுங்கள். போக வேண்டிய இடத்தோடு, எங்கிருந்து வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எது கண்ணில் படும் என்று கேளுங்கள். கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். உங்களிடம் யாராவது வழி கேட்டால் அவருக்குப் பக்கத்தில் போய், அவர் பார்க்கும் பக்கமே திரும்பி நில்லுங்கள். மூன்று நான்கு திருப்பங்களோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் அடையாளம் கொடுங்கள். இன்னது வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்ற எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழி தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரைக் கைகாட்டுங்கள். அதுவும் வழி சொல்வதுதான்.